எங்கட காற்றுக்குப் பாதுகாப்பு அனுமதி

நெடுந்தீவிலிருந்து இராமேஸ்வரம் 50 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. இந்த ஒரு தகவல் போதும். நெடுந்தீவைப் பற்றி எந்தத் தலைநகரும் வேறொன்றும் அறியவேண்டியதில்லை. அங்கே நாலாயிரம் பேர் அளவில் சீவிக்கிறார்கள், அவர்களுக்கும் நடுச்சாமத்தில் நெஞ்சு நோகும், அவர்களுடைய பெண்களுக்கும் சோளகக் காற்று அடிக்கும் மாதத்தில்தான் பிள்ளை பிறக்கவேண்டியிருக்கும் என்பதெல்லாம் பிரதேச செயலகத்துக் கோப்போடு முடிந்துபோகிற விஷயங்கள். அந்த 50 கிலோமீற்றரோ டெல்லிக்குத் தெரியும், பீஜிங்குக்குத் தெரியும், வாஷிங்டனுக்கும் தெரியும். தீவுக்குப் படகேறும் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு எவ்வளவு தூரம் என்று கேட்டுப்பாருங்கள். கொழும்பே முழிக்கும்.

2021 ஜனவரியில் கோத்தபாய ராஜபக்சவின் அமைச்சரவை ஒரு தீர்மானம் எடுத்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றிலும் வெயிலிலும் கரண்ட் எடுக்கும் கலப்பு மின்நிலையங்கள் அமைக்கவேண்டும். வேலை சீனாவின் சினோசோர்-ஈடெக்வின் கூட்டு நிறுவனத்துக்கு. காசு ஆசிய அபிவிருத்தி வங்கியினது. தொகை 12 மில்லியன் டொலர் அளவில். வல்லரசுகளின் பெட்டகத்தில் இது ஒரு போர்விமானத்தின் இறக்கைக்குக்கூடக் காணாத காசு. ஆனால் டெல்லிக்குக் குளிர்காய்ச்சல் பிடித்துவிட்டது.

பயம் நியாயமானதுதான். காற்றாடியின் மூன்று இதழும் சுழலச் சுழல, ஒவ்வொரு சுற்றிலும் ஒருதரம் இராமேஸ்வரத்தை எட்டிப் பார்த்துவிடும். சோலர் தகடுகள் பகல் முழுக்க மல்லாந்து கிடந்து தனுஷ்கோடியில் காயும் கருவாட்டை எண்ணும். பற்றரிகள் இரவில் கண்விழித்து ஒட்டுக்கேட்கும். அனலைதீவில் ஒரு கிழவி மின்விளக்கைப் போட்டால் பீஜிங்கில் ஒரு மணி அடிக்கும். அணுகுண்டு வைத்திருக்கும் நாடு, நிலவுக்குக் கலம் விடும் நாடு, எங்கள் தீவில் ஒரு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்து நடுங்கியது. நாங்கள் இவ்வளவு பெரிய ஆட்கள் என்று எங்களுக்கே அதுவரைக்கும் தெரியாது.

டெல்லி எதிர்ப்புத் தெரிவித்தது. நீங்கள் கடன் வாங்கவேண்டாம், அதே வேலையை நாங்கள் மானியமாகவே செய்து தருகிறோம் என்றது. கொழும்பு யோசித்தது. யோசிப்பது கொழும்பின் தேசிய விளையாட்டு. ஆங்கிலேயன் கிரிக்கெட்டைக் கொண்டுவர முன்பிருந்தே அதை விளையாடி வருகிறார்கள். 2021 முழுக்க யோசித்தார்கள். டிசம்பர் முதலாம் திகதி சீனத் தூதரகம் ஓர் அறிவிப்பு விட்டது: மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டுள்ளது, அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்கு மின்நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்துவிட்டது. மூன்று போனால் பன்னிரண்டு. சீனாவுக்கு நட்டமில்லை. இந்தியாவுக்கு வெற்றி. கொழும்புக்கு நிம்மதி. இந்தக் கணக்கில் மிச்சமிருந்த ஒரே தரப்பு தீவார்தான். அவர்கள் எந்தத் தரப்பு என்று அறிவிப்பில் இருக்கவில்லை. முதலாம் தரப்பு இருந்தது, இரண்டாம் தரப்பு இருந்தது, மூன்றாம் தரப்புக்குக் கவலைகூட இருந்தது. நாங்கள் நாலாம் தரப்பாகக்கூட எண்ணப்படவில்லை.

அதே டிசம்பரில் சீனத் தூதுவர் சீ சென்ஹொங் யாழ்ப்பாணம் வந்து, நல்லூரில் மேற்சட்டையைக் கழற்றி வேட்டியோடு கும்பிட்டார். நூலகத்துக்கு அன்பளிப்பு, மீனவருக்கு வலையும் உலருணவும். பிறகு மன்னார்ப் பக்கம் கடற்படைப் படகேறி இராமர் பாலத்து மணற்திட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பிய மனிதர் வெறும் மேலோடு கந்தனை வணங்குகிறார், இந்துக்களின் காவலர் என்று சொல்லும் அரசு கந்தனின் அடியார்களுக்குக் கரண்ட் வருவதை மறிக்கிறது. ஆறு முகத்தாலும் பார்த்திருந்தும் கந்தன் வாயே திறக்கவில்லை.

வெளியார் போட்டியில் யாழ்ப்பாணம் அகப்படுவது இது முதல் தடவையல்ல. 1816இல் அமெரிக்க மிசனரிமார் இங்கே வேலை தொடங்கினார்கள். 1812 யுத்தத்தில் அமெரிக்காவோடு மோதிய பிரிட்டனுக்கு அவர்கள்மேல் சந்தேகம். கொழும்புப் பக்கம் வேண்டாம், வடக்கில் ஒரு மூலையில் இருந்துகொள்ளுங்கள் என்று விட்டது. 1820இல் ஜேம்ஸ் கரட் என்றொரு அமெரிக்க அச்சுத்தொழிலாளி வந்தார். யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சடிப்பது அவருடைய எண்ணம். ஆட்சிக்குப் பொறுப்பாயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரை நாட்டில் இருக்க விடவில்லை. அன்று பிரிட்டிஷ் சாம்ராச்சியத்தின் பாதுகாப்புக்கு அச்சுயந்திரம் ஆபத்து. 200 வருஷம் கழித்து இந்தியக் குடியரசின் பாதுகாப்புக்குக் காற்றாடி ஆபத்து. யாழ்ப்பாணத்தாருக்குப் பிரயோசனப்படக்கூடிய யந்திரம் எது வந்தாலும் யாரோ ஒருவருடைய சாம்ராச்சியம் ஆட்டங்காணும் போலிருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். 2022 மார்ச் 28. இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில். மூன்று தீவு மின்நிலையத்துக்கும் இந்திய மானியம் என்று புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்த வாரமே நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 1930களின் பெருமந்தத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருந்த தலைமுறைக்குச் சொந்தச் செலவில் ஒரு செயன்முறை வகுப்பு. தீவுப்பகுதியில் மண்ணெண்ணெய் இல்லை, வள்ளம் கடலுக்குப் போகவில்லை. அந்த நெருக்கடியின் நடுவில் இந்தியா தீவக மீனவருக்கு மண்ணெண்ணெய் அன்பளிப்புச் செய்தது. 15,000 லீற்றர். பயனாளிகள் 700 பேர். ஆளுக்கு 21 லீற்றர். வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய வள்ளத்தில் ஓரிரு தடவை தொழிலுக்குப் போய்வரலாம். அமைச்சர் வந்தார், துணைத்தூதர் வந்தார், படம் எடுத்தார்கள். அதற்கும் நன்றி சொன்னோம்; வயிறு காய்ந்தவன் லீற்றர் எண்ண மாட்டான்.

அந்த 21 லீற்றரில் கடலுக்குப் போனவன் அங்கே யாரைக் கண்டான்? திங்கள், புதன், சனி என்று நாள் பார்த்து வரும் இராமேஸ்வரத்து இழுவைப்படகுகளை. நெடுந்தீவுக் கடலின் அடிமண்ணை வாரிக்கொண்டு, எங்கள் வலைகளையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகும் படகுகள். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. சட்டத்தின் பிரதியைக் கடலில் போட்டால் அதையும் மடி வாரிக்கொண்டு போகும். இதில் மாட்டிக் கம்பி எண்ணுகிறவன் பெரும்பாலும் படகு முதலாளியல்ல, இராமநாதபுரத்து ஏழைக் கூலி என்பதும் எங்களுக்குத் தெரியும். அவன் குடும்பமும் கரையில் நின்று அழுகிறது. மண்ணெண்ணெய் தந்த அரசுக்கும் மடிப்படகுக்கு மானிய டீசல் தருகிற அரசுக்கும் இது தெரியாமல் இல்லை.

2024 மார்ச் 1. அடுத்த கையெழுத்து. பெங்களூர் யூ சோலர் நிறுவனத்துக்கு வேலை. மானியம் 11 மில்லியன் டொலர். விபரத்தைக் கவனமாக வாசியுங்கள்: காற்று 530 கிலோவாற். சூரியஒளி 1,700 கிலோவாற். பற்றரி 2,400 கிலோவாற்-மணி. இவையெல்லாம் ஒத்துவராத நேரத்துக்குத் துணைக்கு நிற்க 2,500 கிலோவாற் டீசல். கூட்டிப்பாருங்கள். காற்றும் வெயிலும் சேர்ந்தால் 2,230. துணை மாப்பிள்ளை மாப்பிள்ளையைவிட உயரம். பொறியியலாளர் யாராவது இதற்கு முறையான காரணம் சொல்வார், அது சரியாகவும் இருக்கும். இரவில் காற்றும் விழுந்து பற்றரியும் தீர்ந்தால் தீவு இருட்டில் கிடக்க முடியாது. ஆனாலும் மூன்று வருஷமாக இரண்டு வல்லரசு அடிபட்டுப் பெற்றெடுத்த பிள்ளையின் முகத்தில் டீசல் வாசம் அடிக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடனாக வந்தது இலவசமாகிவிட்டதே, இது லாபந்தானே என்பார்கள். லாபம்தான், மறுக்கவில்லை. கடனில் மூழ்கிய நாட்டுக்கு 11 மில்லியன் கடன் குறைவது நல்ல விஷயம். ஆனால் 2021 ஜனவரியிலிருந்து 2024 மார்ச் வரை கையெழுத்துக்கே போன காலத்தில் தீவுகளுக்குக் கரண்ட் எதில் வந்தது? படகில் ஏற்றிய டீசலில். அந்த டீசலுக்குக் காசு கட்டியது ஜெய்சங்கருமில்லை, சீ சென்ஹொங்குமில்லை. மின்சார சபையின் நட்டக் கணக்கில் ஏற்றி, நாட்டின் தலையில் எழுதினார்கள். எழுவைதீவில் இதேபோல ஒரு கலப்பு மின்நிலையம் ஏற்கெனவே அமைத்தாகிவிட்டது; அதற்காக எந்த நாடும் எல்லையில் படை நிறுத்தவில்லை. சின்னத் தீவு, யாருடைய கண்ணிலும் படவில்லை, தப்பித்துக்கொண்டது.

இந்த இடத்தில் அமெரிக்காவைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். வல்லரசாகப் பிறகு வளர்ந்த அமெரிக்காவையல்ல, 1929இல் பங்குச்சந்தை விழுந்து தெருவில் சூப்புக்கு வரிசையில் நின்ற அமெரிக்காவை. வங்கிகள் மூடிக்கிடந்தன. உழைப்பாளரில் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. 1930களின் நடுவில் அங்கே பத்துப் பண்ணையில் ஒன்றுக்குத்தான் கரண்ட். தனியார் மின்கொம்பனிகள் சொன்ன காரணம் எங்களுக்கும் நன்றாகப் பழக்கமானது: வீடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன, கம்பி இழுத்தால் கட்டாது. 1935 மே மாதம் றூஸ்வெல்ற் கிராமிய மின்மயமாக்கல் நிர்வாகம் என்று ஒன்றைத் தொடக்கினார். அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. கமக்காரர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தாங்களே குழி வெட்டித் தூண் நட்டுக் கம்பி இழுத்தார்கள். இருபது வருஷத்துக்குள் அநேகமாக எல்லாப் பண்ணைக்கும் வெளிச்சம் வந்துவிட்டது. புண்ணியத்துக்குச் செய்ததில்லை, கமக்காரனுக்கு வாக்கு இருந்தது, றூஸ்வெல்றுக்கு அது வேண்டியிருந்தது. தெற்கு மாநிலத்துக் கறுப்பினக் கமக்காரனுக்கு அந்த வாக்கும் இல்லை, அவன் வீட்டுக்கு வெளிச்சம் கடைசியாகத்தான் போனது.

நெடுந்தீவாரின் விளக்கைத் தீர்மானிக்கிற இரண்டு தலைநகரிலும் நெடுந்தீவாருக்கு வாக்கு இல்லை. வாக்கு இருக்கிற கொழும்பில் அந்தத் தீர்மானம் இல்லை. இதுதான் முழு விஷயமும்.

றூஸ்வெல்ற் காலத்து இரண்டாம் உலக யுத்தத்திலும் எங்கள் பங்கு சும்மா இல்லை. பலாலியில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு ஓடுபாதை போட்டார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். மலாயாவில் உழைத்தவர்களின் மணியோடரும் பென்சனும் நின்றுபோய், அதை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு அணைந்தது. அமெரிக்க உளவுத்துறையின் கிளை கண்டியில் இருந்தது. அங்கே கோப்புக் கட்டிக்கொண்டிருந்த ஜூலியா சைல்ட் பிற்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுத்துப் பெயர்பெற்றார். நாங்கள் கூப்பன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

பிறகு பனிப்போர். பெரியவர்கள் இருவர் போட்டிபோட்டால் சின்னவனுக்கு இரண்டு பக்கமும் வருமானம் என்று கொழும்பின் வெளிநாட்டுக் கொள்கைக்காரர் இன்றைக்கும் வகுப்பெடுக்கிறார்கள். அதற்கு அவர்களிடம் உள்ள ஒரே நல்ல உதாரணம் 1952. கொரியா யுத்த காலம், அரிசி விலை ஏறி, றப்பர் விலை இறங்கியது. டட்லி சேனநாயக்கவின் அரசு, வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கவை அனுப்பிச் சீனாவோடு ஒப்பந்தம் செய்தது: வருஷம் 50,000 தொன் றப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி. கம்யூனிஸ்ட் நாட்டுக்கு றப்பர் விற்கிறவனுக்கு உதவி இல்லை என்றது வாஷிங்டன். இல்லாவிட்டால் பரவாயில்லை என்றது இலங்கை. கவனியுங்கள், இது இடதுசாரி அரசுகூட இல்லை. அமெரிக்காவின் சட்டைப்பையில் இருக்கும் என்று எல்லோரும் நினைத்த ஐக்கிய தேசியக் கட்சி. 1963இல் ஸ்ரீமாவோ காலத்தில் எண்ணெய்க் கொம்பனிகளின் சொத்தை எடுத்ததற்காக அமெரிக்கா மறுபடி உதவியை வெட்டியது. அதற்கென்று அமெரிக்கா போட்டிருந்த புதுச் சட்டம் முதன்முதலில் பாய்ந்த நாடு நாங்கள்தான்.

அப்போது நாடு கடனில் இவ்வளவு மூழ்கியிருக்கவில்லை, முதுகெலும்பை அடகு வைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. 1952இல் போட்டியைப் பாவித்துப் பேரம் பேசியது இலங்கை. 2021இல் இலங்கைதான் பேரத்துக்கு வைத்த சாமான். இரண்டையும் ஒரே பெயரால் அணிசேராக் கொள்கை என்று அழைக்க நல்ல தைரியம் வேண்டும்.

அந்தப் போட்டியின் வருமானமும் எங்கே போனதென்று பாருங்கள். சோவியத் உதவியில் ஒறுவலையில் உருக்கும் களனியில் டயரும். சீனா கட்டித் தந்த பண்டாரநாயக்க மண்டபம் கொழும்பு 7இல். தீவுப்பகுதிக்கு என்ன வந்தது? கோதுமை மா. 1954இல் ஐசனோவர் கையெழுத்திட்ட பொதுச்சட்டம் 480, அமெரிக்கக் கமக்காரனிடம் மிஞ்சிய தானியத்தை உலகத்து ஏழை நாடுகளுக்குத் தள்ளிவிட வழிசெய்தது. அங்கே களஞ்சியம் நிரம்பி வழிந்தது, இங்கே அமெரிக்கன் மா வந்தது. அதை அவித்து அரித்துப் புட்டாக்கத் தெரிந்த எங்கள் பெண்களின் கெட்டித்தனத்துக்கு வாஷிங்டனில் ஒரு சிலை வைக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கேர் பிஸ்கற். மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நடந்த நாற்பது வருஷப் போட்டியில் எங்களுக்கு விழுந்த பங்கு ஒரு பிஸ்கற்றும் ஒரு நீத்துப்பெட்டிப் புட்டும்.

இத்தனைக்கும் நாங்கள் கடலுக்குப் புதியவர்கள் அல்ல. ஊர்காவற்றுறை ஒருகாலத்தில் பாய்க்கப்பல்கள் வரிசையாக நின்ற துறைமுகம். பெருமந்தத்தின் வால் இன்னும் அறாத 1938இல், வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, எங்கள் ஆட்களும் மாலுமிகளாய்ப் போய் அதை மசச்சூசெற்ஸ் கரையிலுள்ள குளொஸ்ரரில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட வடகரை இன்று குறிகட்டுவான் இறங்குதுறையில் கையில் மருந்துத் துண்டோடு படகுக்குக் காத்து நிற்கிறது.

காலையில் போய்ப் பாருங்கள். சீமெந்துப் பொதி, காஸ் சிலிண்டர், கோழித்தீவனம், வாழைக்குலை, மோட்டார் சைக்கிள். எல்லாவற்றுக்கும் இடையில் மடியில் பிள்ளையோடு ஒரு தாய். நயினாதீவுக்குப் போகும் தெற்கத்திய யாத்திரிகர் கூட்டம் ஒருபக்கம், நெடுந்தீவில் குதிரையும் பெருக்க மரமும் பார்க்கப்போகும் கொழும்புப் பெடியள் மறுபக்கம். அன்றைக்கு ஒரு வயதானவர், பக்கத்தில் நின்ற பெடியனிடம், "தம்பி, உந்தக் காத்தாடி சீனன்ரையோ இந்தியன்ரையோ?" என்றார். "இந்தியன்ரை, அப்பு." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப காத்து?" என்றார். பெடியனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அந்த நெடுந்தீவு வழித்தடத்தில்தான் 1985 மே 15இல் குமுதினிப் படகு மறிக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள், கைக்குழந்தை உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையைக் கைகாட்டினார்கள். எந்த வல்லரசுக்கும் அன்று பாதுகாப்புக் கவலை வரவில்லை. கவலை 1987இல் வந்தது. இலங்கை-இந்திய ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம் இருந்தது, எண்ணெய்த் தாங்கிகள் இருந்தன, அந்நிய வானொலி நிலையங்கள் இருந்தன. இந்தியக் கவலை அமெரிக்காவைப் பற்றி. தமிழருக்கென்று வந்த ஒப்பந்தம், உறைக்குள் பனிப்போர். பிரித்துப் படிக்க எங்களுக்குக் கன காலம் எடுத்தது.

இந்தியாவில் தேர்தல் காய்ச்சல் வரும்போதெல்லாம் கச்சதீவுக்கும் காய்ச்சல் வரும். 2024 மார்ச் 1இல் தீவு மின்நிலையக் கையெழுத்து; அந்த மாதம் 31ஆம் திகதியே நரேந்திர மோடி கச்சதீவைக் கையில் எடுத்தார், 1974இல் காங்கிரஸ் இலங்கைக்குத் தாரைவார்த்தது என்று. நெடுந்தீவுக்குக் கரண்ட் கொடுத்த கை கச்சதீவைக் கேட்டது. 2025 ஓகஸ்டில் மதுரை மாநாட்டில் நடிகர் விஜய் அதையே கேட்டார். எங்கள் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவுக்கும் ரோசம் வந்தது. செப்டெம்பர் 1இல் மண்டைதீவில் 40,000 பேர் இருந்து பார்க்கக்கூடிய சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்குக் கல் வைத்துவிட்டு, அன்றைக்கே கடற்படைப் படகில் கச்சதீவு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கச்சதீவில் ஒரு சனமும் இல்லை. அங்கே தண்ணீரும் இல்லை, வாக்கும் இல்லை. ஆளில்லாத தீவுக்கு அடிபடுகிறவர்கள் ஆளிருக்கிற தீவைத் தாண்டித்தான் போகவேண்டும். படகிலிருந்து கையசைத்தாலே எங்கள் சனம் சந்தோஷப்பட்டிருக்கும்.

அமெரிக்கா மட்டும் இந்தப் பக்கம் இல்லையோ என்று நீங்கள் கேட்கக்கூடும். இருக்கிறது, 2025இல் எங்கள் நண்டுக்கு வரி போட்டது. வடக்குக் கடலில் பிடிக்கும் நீலக்கால் நண்டின் சதை அப்போது பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்கே போனது. விடியவிடிய நண்டு உடைத்துச் சதை எடுக்கிற பெண்களின் விரல்களை யாரும் கிட்ட நின்று பார்த்தால் இரண்டு நாள் நண்டு சாப்பிட மாட்டார்கள். 2025 ஏப்ரலில் ட்ரம்ப் இலங்கைச் சாமானுக்கு 44 சதவீதம் வரி என்றார். பிறகு 30 என்றார். ஓகஸ்டில் 20 என்றார். மீன்சந்தையில் விலை கூறுகிறவன்கூட இவ்வளவு இறங்க மாட்டான். 1930இல் அமெரிக்கா ஸ்மூற்-ஹாவ்லி என்ற சட்டத்தால் உலகச் சாமானுக்கெல்லாம் வரி ஏற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர் வேண்டாமென்று மனுக் கொடுத்தார்கள், ஹூவர் கேட்கவில்லை, மந்தம் இன்னும் மோசமானது. வரலாறு படிப்பதற்கு அமெரிக்காவில் நல்ல பல்கலைக்கழகங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே எங்கள் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள்.

எங்கள் பிரதிநிதிகளை மட்டும் விட்டுவிட முடியுமா? சீனன் வந்தால் தமிழினத்துக்கு ஆபத்து என்று அறிக்கை விட்டவர்களும், இந்தியா வந்தால் எல்லாம் விடியும் என்று அறிக்கை விட்டவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். இரண்டு அறிக்கையும் குளிரூட்டிய அறையிலிருந்து வந்தது. தூதுவர் கூப்பிட்டால் சால்வையோடு ஓடுவார்கள். நெடுந்தீவில் கூட்டம் என்றால் கடல் கடுமை என்பார்கள். றூஸ்வெல்ற் காலத்துக் கமக்காரன் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தூண் நட்டான். எங்கள் தீவாரில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு கோயிலுக்குக் கோபுரத்தின் மேல் கோபுரம் கட்டுகிறார்கள். அந்தக் காசில் ஒரு காற்றாடி நட்டிருந்தால் எந்தத் தூதரகத்திடம் அனுமதி கேட்டிருக்கவேண்டும் என்று தெரியவில்லை. கோபுரத்துக்கு மட்டும் எந்த வல்லரசும் ஆட்சேபம் சொல்வதில்லை.

ஆகவே தீவகத்து மக்கள் நலன்கருதி ஒரு யோசனை. தேவையைச் சொல்லிக் கேட்டால் ஒன்றும் வராது என்பது நிரூபணமாகிவிட்டது. எதிரியைக் காட்டினால்தான் எதுவும் வரும். உடனடியாக "அனைத்துத் தீவகப் பகை வரவேற்புச் சங்கம்" என்று ஒன்றைப் பதிவு செய்வோம். நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்கு டொக்டர் வேண்டுமா? யாராவது ஒரு வெள்ளைக்காரனுக்குத் தொப்பி போட்டு, ரஷ்யன் என்று சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் நின்று அளவு எடுக்க விடுவோம். மூன்று மாதத்தில் அமெரிக்கன் கட்டிடமும் டொக்டரும் வந்திறங்கும். அனலைதீவுக்கு நல்ல குடிதண்ணீர் வேண்டுமா? பாகிஸ்தான்காரர் ஒருவர் கிணற்றை எட்டிப் பார்த்ததாகக் கதை கட்டுவோம். டெல்லி குழாயோடு வரும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஒழுங்கான பாலம் வேண்டுமென்றால் விஷயம் கொஞ்சம் பெரியது, அதற்கு வட கொரியாவே வேண்டும்.

சங்கத்தின் முதல் கடிதம் எழுதியாகிவிட்டது. முகவரி பியொங்யாங். நெடுந்தீவுத் தபால் கந்தோரில் கொடுத்து மூன்று நாள். சோளகம் கடுமையாக அடிப்பதால் படகு ஓடவில்லை.